சம்பளம் கேட்காத பணிப்பெண்கள்

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களிலும் நெடுந்தொடர்களிலும் வரும் வீட்டுப் பணிப்பெண்ணைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். காலையில் அவர் எத்தனை மணிக்கு வந்தார், இரவு எப்போது வீடு திரும்பினார் என்பது நமக்குத் தெரியாது. கையில் துடைப்பம் இருக்கும். ஆனால், கூடம் முழுவதையும் அவர் பெருக்கி முடித்ததை நாம் பார்த்திருக்க மாட்டோம். குடும்பத்தில் சண்டை நடக்கும்போது ஓரமாக நின்று கேட்பார். காய் நறுக்கியபடி வீட்டம்மாவுக்கு யோசனை சொல்வார். அடுத்த வீட்டுச் செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பார். நடுவில் எதையாவது உளறி நம்மைச் சிரிக்க வைப்பார். நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் ஓடிய பிறகும் அவருடைய மாதச் சம்பளம் எவ்வளவு என்ற பேச்சு மட்டும் எழாது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். பணி ஓய்வுக்குப் பின், மாலை வேளைகளில் வீட்டாருடன் அமர்ந்து இத்தொடர்களைப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. வேலை நேரமும் ஊதியமும் இல்லாத ஒரு தொழிலாளியைப் பொருளியல் பாடநூல் எதிலும் நான் கண்டதில்லை; தொலைக்காட்சியில் நாள்தோறும் காண்கிறேன். பொழுதுபோக்குதானே என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. நம் வீட்டில் வேலை செய்பவருக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தை முடிவு செய்வதில் இந்தச் சித்திரத்துக்கும் பங்குண்டு என்று கருதுகிறேன்.

இச்சித்திரம் எப்படி உருவாகிறது? முதற் காரணம், தயாரிப்புச் சிக்கனம். நகைச்சுவைத் தொடரின் பெரும்பகுதி ஒரே கூடத்தில் நடக்கிறது. அரைமணி நேரத் தொடரில் விளம்பரம் போக ஏறத்தாழ இருபது நிமிடமே கதைக்குக் கிடைக்கும். அதற்குள் கதவைத் திறந்துவிட ஒருவர் வேண்டும். செய்தி கொண்டுவர ஒருவர் வேண்டும். நாயகி மனம்விட்டுப் பேச ஒருவர் வேண்டும். இம்மூன்றுக்கும் சேர்த்துப் பணிப்பெண் பாத்திரம் அமைகிறது. ஆகவே அவர் எந்நேரமும் கூடத்தில் இருந்தாக வேண்டும். நான்கு வீடுகளுக்கு ஓடும் பெண் இக்கதைக்குப் பயன்பட மாட்டார்.

நம் இலக்கிய மரபில் இதற்கு முன்னோடி உண்டு. அகத்திணைப் பாடல்களில் தலைவியின் உள்ளத்தை அறிந்து அவளுக்காகப் பேசுபவள் தோழி. அத்தோழி செவிலித்தாயின் மகள் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுக்கிறது. பிறர் குழந்தையை வளர்க்கும் தாய். அக்குழந்தைக்குத் துணையாகவே வளரும் மகள். தலைவியின் காதல், பிரிவு, வருத்தம் யாவற்றையும் எடுத்துரைக்கும் தோழிக்குத் தன் காதல் குறித்துப் பேச அங்கே இடமில்லை. தொலைக்காட்சிப் பணிப்பெண் இந்தத் தோழியின் வழித்தோன்றலே.

இரண்டாவது முன்னோடி, கூலி வேண்டாத சேவகன். பாரதியாரின் 'கண்ணன் என் சேவகன்' பாடலை நாம் எல்லோரும் அறிவோம். கூலி மிகக் கேட்பதாகவும், பொய்க் காரணங்கள் சொல்லி வேலைக்கு வராமல் போவதாகவும் சேவகர்களைப் பற்றி ஒரு வீட்டுத் தலைவன் குறைபட்டுக்கொள்வதில் அப்பாடல் தொடங்குகிறது. அந்த நேரத்தில், காசு பெரிதில்லை என்று சொல்லிக்கொண்டு கண்ணன் வந்து சேர்கிறான். அது பக்தியின் உச்சம்; இறைவனே அடியவனுக்குப் பணி செய்யும் அற்புதம். அப்பாடல் 1960-இல் வெளியான 'படிக்காத மேதை' படத்தில் இடம்பெற்றது. சிவாஜி கணேசன் நடித்த ரங்கன், தன்னை வளர்த்த குடும்பம் நொடித்த பிறகும் அதற்காக உழைக்கும் விசுவாசி. எஸ்.வி.ரங்காராவின் கலங்கிய முகத்தோடு அப்பாடலைக் கேட்ட தமிழர்கள் எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். அக்கண்ணீர் போலியன்று. ஆனால், கடவுளுக்குப் பொருந்தும் இலக்கணத்தை மனிதர்மீது ஏற்றியபோது, கூலி கேட்பவன் குறைபட்டவன், கேட்காதவனே உத்தமன் என்ற எண்ணமும் கூடவே நம்முள் இறங்கிவிட்டது.

இதற்கு மாறான குரல்களும் எழாமல் இல்லை. அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' நாடகமாகப் புகழ்பெற்று, 1949-இல் திரைப்படமாக வந்தது. பணக்காரர் வீட்டு மகன் மூர்த்தி, அவ்வீட்டு வேலைக்காரி அமிர்தத்தைக் காதலிக்கிறான். வேலைக்காரியின் பெயரையே தலைப்பாக வைத்ததும், சாதியும் செல்வமும் சேர்ந்து அவளை ஒதுக்குவதைக் கேள்வி கேட்டதும் அந்நாளில் பெருந்துணிவு. ஸ்டார் விஜய் தொலைக்காட்சியில் 2020-இல் தொடங்கிய 'பாக்கியலட்சுமி' தொடரில் வரும் செல்வி பாத்திரத்தையும் இந்த வரிசையில் வைக்கலாம். கம்பம் மீனா நடித்த அப்பாத்திரம், வீட்டு வேலை செய்பவராக இருந்து பாக்கியாவின் சமையல் தொழிலிலும் துணை நிற்கிறது. வெறும் கேலிப் பொருளாக நின்றுவிடவில்லை. செல்வியின் மகனும் அவ்வீட்டு மகளும் காதலிப்பதாகக் கதை திரும்பியபோது, அதுவரை அன்பாகப் பழகிய வீட்டில் எழுந்த கொந்தளிப்பையும் தொடர் காட்டியது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1949-இல் அமிர்தத்துக்கும், எழுபது ஆண்டுகளுக்குப் பின் செல்வி குடும்பத்துக்கும் கதை வழங்கும் கேள்வி திருமணம்தான். அவ்வீட்டில் மருமகளாகவோ மருமகனாகவோ நுழைய முடியுமா என்று கேட்ட நம் கதைகள், அங்கே பாத்திரம் தேய்த்ததற்குக் கிடைத்த கூலி நியாயமானதா என்று கேட்பதில்லை.

நகைச்சுவையால் உண்மையைச் சொல்ல முடியாது என்றும் எண்ண வேண்டாம். 1996-இல் வந்த 'அவ்வை சண்முகி'யில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்கக் கதாநாயகன் வயதான மாமியாக வேடமிடுகிறான். நாசர் ஏற்ற பாஷா என்னும் பாத்திரமோ, சமையல் வேலைக்காகத் தன் மதத்தை மறைத்து, வாய் பேசாத ஐயராக நடிக்கிறது. திரையரங்கே சிரித்தது. சமையலறைக்குள் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்ற எழுதப்படாத விதியை அந்தச் சிரிப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது பல வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி இன்றும் ஊரும் சாதியும்தானே!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலை அன்று. நகைச்சுவைத் தொடர்களின் தாயகமான அமெரிக்காவில், 1950-இல் 'பியூலா' என்ற தொடர் தொலைக்காட்சிக்கு வந்தது. வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணே மையப் பாத்திரம். அந்த வீட்டாரின் சிக்கல்களைத் தீர்ப்பதே அவள் வாழ்க்கை. இத்தகைய சித்திரிப்புகளைக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. 1951-இல் கண்டித்தது. பின்னர் 1969 முதல் 1974 வரை ஓடிய 'தி பிரேடி பஞ்ச்' தொடரில் ஆலிஸ் என்னும் பணிப்பெண் வந்தார். சமையலறையை ஒட்டிய சிறு அறையில் தங்கி, ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டைச் சிரித்த முகத்தோடு நிர்வகித்தார். அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1938-இலேயே இயற்றப்பட்டது. அதில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. அவர்களைச் சேர்த்த திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1974 மே மாதம். ஆலிஸ் தோன்றிய தொடர் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஒரு நாடே விரும்பிப் பார்த்த அப்பணிப்பெண்ணுக்கு, அத்தொடர் ஓடிய ஐந்தாண்டுகளிலும் குறைந்தபட்ச ஊதிய உரிமை இருந்ததில்லை. திரையில் அவர் அத்தனை மகிழ்ச்சியாக இருந்ததால், அப்படியொரு குறை இருப்பதாகவே யாருக்கும் தோன்றியிராது.

நம் பக்கத்து நிலவரத்துக்கு வருவோம். நான் வாழும் கீழ்பென்னாத்தூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் திருவண்ணாமலைக்குப் பெண்கள் காலைப் பேருந்தில் வேலைக்குப் போகிறார்கள். சிலர் வீடுகளுக்கு, சிலர் தங்கும் விடுதிகளுக்கு, சிலர் கிரிவலப் பாதையை ஒட்டிய வாடகை வீடுகளுக்கு. பத்துப்பாத்திரம் தேய்ப்பது, பெருக்கித் துடைப்பது, துணி துவைத்து உலர்த்துவது ஆகியவற்றோடு 'மேல்வேலை' என்ற பெயரில் சொல்லப்படும் எல்லாமும் இவர்கள் தலையில் விழும். ஒரே வீட்டில் நாள் முழுவதும் இருப்பவர் குறைவு. மூன்று நான்கு வீடுகளை முடித்தால்தான் மாதம் நகரும்.

தொடர்களில் பணிப்பெண் தாமதமாக வருவது அலுக்காத நகைச்சுவை. இங்கே பௌர்ணமி நாள்களில் பேருந்துகள் நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களிலேயே நின்றுவிடுகின்றன. கூட்டத்தை விலக்கி நடந்து முதல் வீட்டுக்குச் சேரவே நேரமாகிவிடும். முதல் வீட்டில் அரைமணி பிந்தினால் நான்காவது வீடு வரை அந்தத் தாமதம் தொடர்கிறது. நான்கு வீட்டிலும் ஒரே சொல்லைக் கேட்க வேண்டும். காட்சியில் சோம்பலாகத் தெரிவது, உண்மையில் போக்குவரத்துச் சிக்கல். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததால் செலவு குறைந்தது. காத்திருக்கும் நேரம் குறையவில்லை.

சென்னையில் இதன் கடுமை இன்னும் அதிகம். நகரின் நடுவே குடிசைகளில் வாழ்ந்தவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டபோது, நடந்துபோய் வேலை செய்த வீடுகள் அப்பெண்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணமாகிவிட்டன. பலர் வேலையை விட்டார்கள். எந்தத் தொடரிலாவது பணிப்பெண்ணின் வீடு எங்கே இருக்கிறது என்று காட்டியிருக்கிறார்களா? அவருக்கு வீடு இருந்தால்தானே தொலைவு இருக்கும்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாத்திரம் தேய்க்க அரைமணி, பெருக்கித் துடைக்க நாற்பது நிமிடம், துணிகளுக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். மூன்று வீடுகளுக்கு நாளொன்றுக்கு நாலரை மணி. விடுமுறையே எடுக்காமல் முப்பது நாள் உழைத்தால் 135 மணி நேரம். தமிழக அரசு 2018-இல் வீட்டுப் பணியாளர்களுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 37 ரூபாய். அந்த வீதப்படி மாத வருமானம் 4,995 ரூபாய். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும் நேரத்துக்கும், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும், 'இதையும் கொஞ்சம் பார்த்துவிடு' என்று சேரும் வேலைக்கும் இதில் கூலி இல்லை. நம் வீட்டில் மணிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று வாசகர்கள் தாங்களே இவ்வாறு வகுத்துப் பார்க்கலாம். மாதச் சம்பளமாகப் பேசும்போது மறைந்திருக்கும் உண்மை, மணிக்கணக்கில் தெரிந்துவிடும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். தொடர்களில் மருத்துவரும் வழக்கறிஞரும்கூடத் தங்கள் வேலையைச் செய்வதில்லையே. அலுவலகம் போகும் கணவர் எப்போது பார்த்தாலும் வீட்டில்தானே இருக்கிறார்? உண்மைதான். ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. மருத்துவரின் கட்டணத்தைத் தொடர் பார்க்கும் இல்லத்தரசி நிர்ணயிப்பதில்லை. வீட்டுப் பணியாளரின் கூலியை நிர்ணயிப்பவர், அத்தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே இல்லத்தரசிதான், அவர் கணவரும்தான். பார்வையாளரே முதலாளியாக இருக்கும் தொழில்கள் மிகச் சில. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. வருகைப் பதிவேடு உண்டு. வீட்டுப் பணியாளர் பெரும்பாலும் ஒவ்வொரு சமையலறை வாசலிலும் தனியாளாக நின்று பேரம் பேச வேண்டும். அப்போது இருவர் மனத்திலும், இத்தகைய வேலைக்கு இவ்வளவு தகும் என்று ஓர் அளவுகோல் இருக்கும். அந்த அளவுகோலைப் பழக்கமும் தெருவழக்கும் உருவாக்குகின்றன. நாள்தோறும் பார்க்கும் கதைகளும் அதைச் செதுக்குகின்றன.

அக்கதைகள் நமக்குச் சொல்லித்தரும் சொல், 'அவர் எங்கள் வீட்டில் ஒருவர் மாதிரி'. இதைச் சொல்பவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. மருத்துவச் செலவுக்கு உதவுவது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் தருவது, தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருவது எல்லாம் மெய்யான உதவிகள். ஆனால், உதவி கொடுப்பவர் விருப்பத்தைப் பொறுத்தது. ஊதியம் பெறுபவர் உரிமையைப் பொறுத்தது. முன்பணம் வாங்கியவர் சம்பள உயர்வு கேட்கத் தயங்குவார். வேறு வீட்டில் கூடுதலாகக் கிடைத்தாலும் போக முடியாது. வீட்டில் ஒருவர் என்றால், அவருக்குத் தனி டம்ளர் எதற்கு? பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 2020 பொதுமுடக்கத்தின்போது இவர்களுக்கு வாயிற்கதவு அடைக்கப்பட்டதே! சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்த வீடுகளும் இருந்தன. அந்த மாதமே நிறுத்திய வீடுகளும் இருந்தன. எதைச் செய்வது என்பது முழுக்க வீட்டாரின் மனத்தைப் பொறுத்ததாக இருந்தது என்பதே சிக்கல்.

பொருளியலும் இவ்வேலையைக் கண்டும் காணாமலே வந்திருக்கிறது. ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட நூலில் வீட்டுப் பணியாளரின் உழைப்பை உற்பத்தி சாராத உழைப்பு என்று வகைப்படுத்தினார். துணி நெய்தால் துணி மிஞ்சும். பெருக்கிய தரை மறுநாளே அழுக்காகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆனால், அவ்வுழைப்புக்கும் மதிப்பு உண்டு, அதற்கும் கூலி தகும் என்று அவரே சேர்த்து எழுதியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னர் வந்த பிகூ, ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணை மணந்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்ற முரணைச் சுட்டினார். வேலை அதேதான், கூலி மட்டும் நின்றுவிடுகிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். மாணவிகள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

அதன் காரணம் புள்ளிவிவரத்தில் இருக்கிறது. இந்தியாவின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஆண்கள் 88 நிமிடம். வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலையில்லை என்று பழகிய சமூகம், அதே வேலையைச் செய்யும் வெளிப் பெண்ணுக்கு உரிய விலை கொடுக்க மனம் ஒப்புவதில்லை. ஆக, பணிப்பெண்ணின் குறைந்த கூலியும் இல்லத்தரசியின் கணக்கில் வராத உழைப்பும் ஒரே வேரில் கிளைத்தவை.

சட்டம் மெதுவாகவேனும் விழித்துவருகிறது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டுவேலைக்கு வைப்பது 2006 அக்டோபரில் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் 2007-இல் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் அமைந்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பணியிடமாக ஏற்றுக்கொண்டது. வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால், ஏற்புறுதி அளிக்கவில்லை. தனிச் சட்டத்தின் தேவையை ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் இத்தொழிலில் இருப்பதாகவும், அவர்களில் நான்கில் மூவர் பெண்கள் என்றும் அவ்வமைப்பு மதிப்பிடுகிறது.

தொடர் எழுதுபவர்கள் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, தணிக்கையையும் வேண்டவில்லை. பணிப்பெண் வீட்டுக்குள் வருவதையும், வேலை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதையும் காட்டுங்கள். அவருக்கு ஒரு தெரு, ஒரு குடும்பம், ஒரு விடுமுறை நாள் கொடுங்கள். சிரிப்புக்குப் பஞ்சம் வராது. ஐந்நூறு ரூபாய் உயர்வு கேட்டவரிடம் விலைவாசி பற்றி விரிவுரை ஆற்றிவிட்டு, அன்று மாலையே அதைப்போல் இருமடங்கை ஓர் உணவகத்தில் செலவிடும் குடும்பத்தை விடவா நல்ல நகைச்சுவை வேண்டும்? அவர் ஒரு வாரம் விடுப்பில் போனதும் அந்த வீடு படும் பாட்டை எழுதினால் அதுவே நான்கு அத்தியாயம் ஓடும். கேலி இதுவரை ஒருவர் பக்கமே விழுந்துகொண்டிருக்கிறது. சற்று மறுபக்கமும் விழட்டும்.

வீட்டாராகிய நாம் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், வாரத்தில் எந்த நாள் விடுமுறை, ஆண்டுக்கு எவ்வளவு உயர்வு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்குப் புடவையோடு ஒரு மாதச் சம்பளத்தையும் கொடுக்கலாம். உடல்நலமில்லாமல் வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருக்கலாம். நம் வீட்டுக் கழிப்பறையைத் துலக்குபவர் அதைப் பயன்படுத்தவும் அனுமதிக்கலாம். நலவாரியத்தில் அவர் பெயரைப் பதிவு செய்ய, படித்த நம் பிள்ளைகள் ஒருமணி நேரம் ஒதுக்கினால் கல்வி உதவி, மகப்பேறு உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு வழி பிறக்கும்.

இன்றிரவும் ஏதேனும் ஒரு தொடரில் ஒரு பணிப்பெண் கூடத்தில் நின்று நம்மைச் சிரிக்க வைப்பார். சிரிப்போம். நாளைக் காலை நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருபவருக்குச் சம்பளம் கடைசியாக எந்த ஆண்டு உயர்ந்தது என்பதையும் நினைத்துப் பார்ப்போம்.